அரியணைக்கு உரியவர் யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1837இல் விக்டோரியா பிரிட்டனின் ராணியானார். அதுவரை பிரிட்டன் மன்னரே ஆண்டுவந்த ஜெர்மானிய நாடான ஹனோவர் மட்டும் அவருக்கு ஏன் கிடைக்கவில்லை?

பதில்: மன்னர் ஒருவர்தான், வாரிசுச் சட்டம் வேறுவேறு. விக்டோரியாவின் அப்பா எட்வர்ட், மூன்றாம் ஜார்ஜின் நான்காவது மகன். ஐந்தாவது மகன் எர்னஸ்ட் அகஸ்டஸ். பிரிட்டனில் அண்ணனுடைய மகளுக்குப் பிறகுதான் தம்பி. எனவே விக்டோரியா சித்தப்பாவை முந்தினார். ஹனோவரிலோ, ஆண்வழியில் ஓர் ஆண் உயிரோடு இருக்கும்வரை பெண்ணுக்கு அரியணை இல்லை. ஜூன் 20 அன்று எட்வர்டின் அண்ணனான மன்னர் நான்காம் வில்லியம் பிள்ளை வாரிசு இல்லாமல் இறந்ததும் ஹனோவர் சித்தப்பாவுக்குப் போயிற்று. 1714 முதல் ஒரே மன்னரின் கீழ் இருந்த இரண்டு நாடுகளும் 123 ஆண்டுகளுக்குப் பிறகு பிரிந்தன.

கேள்வி: ஸ்பெயினின் இரண்டாம் கார்லோஸ் நெருங்கிய உறவுத் திருமணத்தில் பிறந்தவர் என்கிறார்கள். எவ்வளவு நெருக்கம்? அதைக் கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். ஒரு தாளில் வம்சாவளியை வரைந்துகொள்ளுங்கள். அப்பா நான்காம் பிலிப். அம்மா மரியானா, பிலிப்பின் தங்கை மரியா அன்னாவின் மகள். ஆக, பிலிப் தன் மனைவிக்குத் தாய்மாமன். மரியா அன்னா கார்லோஸுக்கு அத்தை, பாட்டியும் அவரே!

இனி கணக்கு. ஒரே முன்னோரின் ஒரே மரபணு, அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் குழந்தைக்கு வந்துசேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத்தான் கணக்கிடுகிறோம். பொதுவான முன்னோர் ஒவ்வொருவர் வழியாகவும் அப்பாவிலிருந்து அம்மா வரை எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிலிப், அவருடைய அப்பா மூன்றாம் பிலிப், மரியா அன்னா, மரியானா என்று நான்கு பேர். அரையை நான்கு முறை பெருக்கினால் 1/16. மூன்றாம் பிலிப்பின் மனைவி மார்கரெட் வழியாகவும் அதே 1/16. கூட்டினால் 1/8, அதாவது 0.125.

பலர் இங்கேயே நிறுத்திவிடுவதால்தான் விடை தவறுகிறது. மூன்றாம் பிலிப்பின் பெற்றோரும் தாய்மாமனும் மருமகளும்தான். மார்கரெட்டின் பெற்றோரும் அப்படியே. போதாததற்கு, மரியா அன்னாவை மணந்த மூன்றாம் பெர்டினாண்ட், மார்கரெட்டின் அண்ணன் மகன். இந்த வழிகளையும் விடாமல் சேர்க்க வேண்டும். ஸ்பெயின் மரபியலாளர்கள் 2009இல் 3,000க்கும் மேற்பட்ட உறவினர்களைச் சேர்த்துக் கணக்கிட்டபோது வந்த விடை 0.254. உடன்பிறந்த அண்ணனும் தங்கையும் பெறும் குழந்தைக்கே அது 0.25தான்.

சொத்தும் உரிமையும் ஸ்பெயினையும் ஆஸ்திரியாவையும் ஆண்ட ஹப்ஸ்பர்க் குடும்பத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பதே இத்தனைக்கும் காரணம். மரியானா முதலில் நிச்சயிக்கப்பட்டது பிலிப்பின் மகன் பல்தசார் கார்லோஸுக்கு. அந்தப் பையன் 1646இல் 16 வயதில் இறந்தான். 1649இல் 14 வயது மரியானாவை அவன் அப்பாவே மணந்துகொண்டார். பிறந்தது முதலே நோயாளியாக இருந்த கார்லோஸைச் ‘சூனியம் வைக்கப்பட்டவர்’ என்று அழைத்தார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? குற்றம் திருமண ஒப்பந்தம் எழுதியவர்களுடையது. இரண்டு முறை மணந்தும் பிள்ளை இல்லாமல் 1700 நவம்பர் 1 அன்று, 39ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு இறந்தார். உயிலின்படி ஸ்பெயின், பிரான்சின் 14ஆம் லூயியுடைய பேரனுக்குப் போனது. எந்தக் குடும்பத்துக்குள் காக்க நினைத்தார்களோ அதை விட்டே அரியணை போய்விட்டது. 1701 முதல் 1714 வரை ஐரோப்பா அதற்காகப் போரிட்டது.

கேள்வி: பிரான்சில் 16ஆம் லூயிக்குப் பின் 18ஆம் லூயி வருகிறார். 17ஆம் லூயி எங்கே?

பதில்: சிறையில். 16ஆம் லூயி 1793 ஜனவரி 21 அன்று கொல்லப்பட்டதும் முடியாட்சி ஆதரவாளர்கள் அவருடைய மகனை மன்னராக எண்ணினார்கள். முடிசூட்டு எதுவும் நடக்கவில்லை. 1795 ஜூன் 8 அன்று, 10 வயதில், பாரிஸின் டெம்பிள் சிறையில் அந்தச் சிறுவன் இறந்தான். 1814இல் ஆட்சிக்கு வந்த சித்தப்பா அந்த எண்ணை அவனுக்கே விட்டுவிட்டு 18 என்று போட்டுக்கொண்டார். சிறுவன் தப்பிவிட்டதாகப் பேச்சு கிளம்பி, ‘நான்தான் அவன்’ என்று பலர் வந்தார்கள். உடற்கூறு ஆய்வின்போது மருத்துவர் எடுத்துவைத்த இதயத்தை 2000இல் மரபணுச் சோதனை செய்ததில், அது தாய் மரி அந்துவானெத்தின் தாய்வழியோடு பொருந்தியது. 2004இல் அதை சென் தெனி தேவாலயத்தில் பெற்றோருக்கு அருகில் வைத்தார்கள்.