நான்கு நட்சத்திரப் பந்து: டிராகன் பால் கேள்வி பதில்

டிராகன் பால் என்ற ஜப்பானிய அனிமே தொடரின் பந்துகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. பதிலுக்கு முன் ஒரு எச்சரிக்கை. 1986-இல் தொடங்கிய முதல் தொடர், இசட், ஜிடி, சூப்பர் என்று ஒவ்வொன்றிலும் பந்துகளின் விதி கொஞ்சம் மாறும். ஜிடியில் பார்த்ததை இசட்டில் கொண்டுபோய் வைக்காதீர்கள். பாதிக் குழப்பம் அதனால்தான் வருகிறது.

கேள்வி: நான் இந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. அந்தப் பந்து என்னதான் செய்யும்?

மொத்தம் ஏழு பந்துகள். ஆரஞ்சு நிறம், உள்ளே ஒன்றிலிருந்து ஏழு வரை நட்சத்திரங்கள். ஏழையும் ஓரிடத்தில் சேர்த்துக் கூப்பிட்டால் ஷென்ரான் என்ற டிராகன் வந்து ஒரு வரம் தரும். தந்ததும் பந்துகள் கல்லாகி உலகம் முழுக்கச் சிதறிவிடும். அடுத்த ஒரு வருஷம் அவற்றால் பயனில்லை.

கேள்வி: ஏன் ஏழு?

ஜப்பானில் பாக்கின் என்பவர் 1814 முதல் 1842 வரை எழுதிய ‘ஹக்கென்டென்’ என்ற பெருங்கதையில் எட்டு வீரர்கள், எட்டு மணிகள். ஒவ்வொரு மணியிலும் ஒரு நற்குணத்தின் பெயர் இருக்கும். பந்து யோசனை அங்கிருந்து வந்தது, எட்டு என்று வைத்தால் அப்படியே அதுபோல ஆகிவிடும் என்பதால் ஏழாக்கினேன் என்று படைப்பாளி அகிரா டோரியாமாவே சொல்லியிருக்கிறார். நாயகன் கோகுவின் பெயரும் பறக்கும் மேகமும் நீளும் தடியும் சீனத்து குரங்கு வீரன் கதையிலிருந்து வந்தவை.

கேள்வி: அண்ணா, ஏழில் நான்கு நட்சத்திரப் பந்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கதை தொடங்கும்போது கோகு மலையில் தனியாக வாழும் சிறுவன். அவனிடம் இருப்பது ஒரே ஒரு பந்து. அதற்கு மந்திர சக்தி உண்டு என்று அவனுக்குத் தெரியாது. அவனை எடுத்து வளர்த்த தாத்தா கோஹான் விட்டுப்போன பொருள் அது. அதைத் தாத்தாவாகவே நினைத்துப் பேசுவான். பந்துகளைத் தேடும் ரேடாரோடு வரும் புல்மா என்ற பெண்ணுக்கு அது ஏழில் ஒன்று. அவனுக்கு அது ஒன்றே ஒன்று.

ரெட் ரிப்பன் என்ற எதிரிப் படையின் கதையில் அவன் ஊர் ஊராக அலைவது முதலில் வரத்துக்காக இல்லை, தாத்தாவின் பந்துக்காக. வழியில் உபா என்ற சிறுவனின் அப்பா போரா கொல்லப்படுகிறார். அவரை எழுப்புவதற்காக ஏழையும் சேர்க்கக் கிளம்புகிறான். கடைசிப் பந்து இருக்குமிடத்தைக் குறி சொல்லும் பாட்டியிடம் கேட்கப் போனால், அங்கே ஐந்து பேரோடு மோத வேண்டும். ஐந்தாவதாக முகமூடி போட்டு வந்து நிற்பவர், ஒரு நாளைக்கு மட்டும் மறு உலகத்திலிருந்து வந்திருக்கும் தாத்தா! பிறகு போரா உயிரோடு எழுகிறார், பந்துகள் மேலே எழும்பிச் சிதறப் பார்க்கின்றன. கோகு எம்பிக் குதித்து நான்கு நட்சத்திரப் பந்தை மட்டும் பிடித்துக்கொள்கிறான். கையில் இருப்பது வெறும் கல். அதுவே அவனுக்குப் போதும். பின்னால் மகனுக்கும் கோஹான் என்றே பெயர் வைத்து, அந்தப் பந்தை அவன் தொப்பியில் பொருத்துகிறான். பந்து எதற்கு என்று கேட்டால் நான் காட்டுவது இந்த இடங்களைத்தான்.

கேள்வி: இசட்டின் தொடக்கத்தில் எதிரிகளாக வெஜிட்டாவும் நப்பாவும் வரும்போது, அவர்களை அழித்துவிடு என்று ஷென்ரானிடம் கேட்டிருக்கலாமே?

முடியாது. படைத்தவரின் சக்திக்கு மேல் டிராகனால் எதுவும் செய்ய முடியாது. பூமியின் பந்துகளைப் படைத்தவர் காமி. அவர்கள் அவரைவிட எவ்வளவோ பலசாலிகள். இந்த எல்லை செல் என்ற வில்லனின் கதை முடிவிலும் வருகிறது. பதினெட்டாம் எண் ஆண்ட்ராய்டை மனுஷியாக்கு என்று கோகுவின் நண்பன் கிரிலின் கேட்கிறான், ஷென்ரானால் முடியவில்லை. உடம்பில் இருக்கும் வெடிகுண்டையாவது எடுத்துவிடு என்றதும் எடுத்துவிடுகிறது.

கேள்வி: அடுத்த வில்லன் ஃப்ரீஸாவைக் கொல்லச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?

மேலே உள்ள பதில்தான்.

கேள்வி: கோகுவா, வேறு தொடரின் நாயகனா, யார் ஜெயிப்பார்?

பலம் ஒப்பிடுவது என் துறை இல்லை. பந்துகளைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: செத்தவர்கள் எல்லாம் எழுந்து வருகிறார்கள். அப்புறம் சாவுக்கு என்ன மதிப்பு? இந்தப் பந்துகள்தான் கதையையே கெடுத்தன.

ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருமுறை எழுப்பியவரை ஷென்ரான் மறுபடி எழுப்பாது. இயற்கையாகச் செத்தவரை எழுப்பவே எழுப்பாது. படைத்தவர் இறந்தால் பந்துகளும் போய்விடும். கோகுவின் பழைய எதிரி பிக்கோலோவும் காமியும் ஓருயிர். அதனால் பிக்கோலோ செத்ததும் பூமிக்குப் பந்தே இல்லாமல் போகிறது. அதற்காகத்தான் வேறு பந்துகள் இருக்கும் நாமெக் கிரகத்துக்குப் பயணம். ஒரு சாவு அடுத்த கதையையே பிறக்க வைக்கிறது, அது மதிப்பில்லாத சாவா?

அதே வாசகர்: கிரிலின் ஃப்ரீஸாவிடம் இரண்டாவது முறை செத்தும் திரும்பினானே?

அது நாமெக்கின் டிராகன் பொருங்காவால். மூன்று வரம் தரும், ஆனால் நாமெக் மொழியில்தான் கேட்க வேண்டும், அப்போது ஒரு வரத்துக்கு ஒருவரைத்தான் எழுப்பும். விதி உடையவில்லை, வேறு விதி வந்தது.

அதே வாசகர்: புதுப்புது விதி வந்துகொண்டே இருந்தால் அது விதியா?

இது நியாயமான அடி. இசட்டின் கடைசி வில்லனான புவ் கதையில் பூமியில் செத்த நல்லவர்களை எல்லாம் பொருங்கா ஒரே வரத்தில் எழுப்புகிறது. அந்த இடத்தில் பந்து கனம் இழந்துவிட்டது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன் செல் கதையின் முடிவைப் பாருங்கள். நாமெக் பந்துகளை வைத்து கோகுவை எழுப்ப நண்பர்கள் வழி யோசிக்கிறார்கள். எதிரிகள் என்னைத் தேடித்தான் வருகிறார்கள், நான் இல்லாமல் இருப்பதே நல்லது என்று அவனே வேண்டாம் என்கிறான். இரண்டாவது மகன் கோடென் பிறக்கும்போது அப்பா இல்லை. ஏழு வருஷம் போகிறது. வழி இருந்தும் மறுத்த சாவு அது. என் கணக்கில் இந்தத் தொடரின் கனமான சாவு அதுதான்.

இன்னொரு வாசகர்: அவர் சொல்வதுதான் சரி. ஜிடியிலேயே பந்துகளை அதிகம் பயன்படுத்தியது தப்பு என்று காட்டினார்களே?

காட்டினார்கள். நிறைவேறிய வரங்களின் தீய சக்தி சேர்ந்து நிழல் டிராகன்களாகிறது. அதில் எனக்குப் பிடித்தது, நல்ல வரமும் தப்பவில்லை என்பது. போராவை எழுப்பிய வரத்திலிருந்தும் ஒரு டிராகன் பிறக்கிறது. ஆனால் ஜிடியின் கதையை டோரியாமா எழுதவில்லை, இசட்டில் இப்படி ஒரு விளைவும் இல்லை. ஒன்றின் விதியை இன்னொன்றில் வைக்காதீர்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னேன்.

கேள்வி: செல்லைக் கொல்லச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?

இது மூன்றாவது முறை. தயவுசெய்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சூப்பரில் வரும் பந்துகள் எவ்வளவு பெரியவை?

ஒவ்வொன்றும் ஒரு கிரகம் அளவு. 131-வது பகுதியில், பிரபஞ்சங்களுக்கு இடையிலான போட்டியில் ஜெயித்ததற்காக அவற்றின் வரம் பதினேழாம் எண் ஆண்ட்ராய்டுக்குக் கிடைக்கிறது. தோற்று அழிக்கப்பட்ட பிரபஞ்சங்களை எல்லாம் திருப்பிக் கேட்கிறான்.

கேள்வி: ஒன்பது வயது மகனோடு பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

1986 தொடரிலிருந்து, அம்மா. 153 பகுதிகள். முதல் பகுதிகளில் சில கொச்சையான நகைச்சுவை உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நேராக இசட்டுக்குப் போய்விட்டால் கோஹானின் தொப்பியில் இருக்கும் பந்து வெறும் அலங்காரமாகத் தெரியும்.