இளங்குதிரை வார் இழுத்த பக்கம் திரும்ப மறுக்கிறது: என்ன செய்வது?

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் மூன்று வயதுக் காத்தியவாரி இன ஆண் குதிரை ஒன்று வாங்கினேன். ஏறினால் அமைதியாக நிற்கிறது. ஆனால் கடிவாளத்தின் இடது வாரை இழுத்தால் கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு, உடம்பு வலப்பக்கமாகக் கொட்டகையை நோக்கிப் போகிறது. காலால் உதைத்தால் நின்றுவிடுகிறது. முள் கடிவாளம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடவே வேண்டாம். உங்கள் குதிரையிடம் முரட்டுத்தனம் இல்லை. நீங்கள் கேட்பது என்ன என்று அதற்கு இன்னும் புரியவில்லை, அவ்வளவுதான். முள் குத்தினால் வாய் புண்ணாகும், குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு ஓடும். அப்படிக் கெட்டுப்போன வாயைத் திருத்த ஒரு வருடம் பாடுபட்டிருக்கிறேன்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். இந்த வயதில் கடைவாய்ப் பால்பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும். சில குதிரைகளுக்கு மேல்தாடையில், முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், பட்டாணி அளவில் ஒரு சிறு பல் இருக்கும். கடிவாள இரும்பு அதில் இடித்தால் எந்தக் குதிரையும் தலையை உதறும்.

வாய் சரியாக இருந்தால், இரண்டு மூன்று வாரம் ஏறாமல் தரையிலேயே பழக்குங்கள். தலைக்கயிற்றைப் பிடித்துத் தோளருகே நின்று, இடப்பக்கம் மெல்ல இறுக்கிப் பிடித்துக் காத்திருங்கள். இழுக்க வேண்டாம். மூக்கு ஒரு விரற்கடை உங்கள் பக்கம் வந்தாலும் அந்த நொடியே தளர்த்துங்கள். இறுக்கம் கேள்வி என்றால் தளர்வுதான் விடை. குதிரை பாடம் கற்பது தளர்வில்தான். நீங்கள் இரண்டு நொடி தாமதித்தால், தலையை உதறியதற்குப் பரிசு கிடைத்தது என்று அது எடுத்துக்கொள்ளும். காத்தியவாரியின் வளைந்த காதுகளைக் கவனியுங்கள். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பினால் அது உங்களைக் கவனிக்கிறது என்று அர்த்தம். வலப்பக்கமும் இதையே முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள். ஒரு பக்கம் கற்றதை மறுபக்கம் தானாகச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பிறகு உங்கள் குதிகால் படும் இடத்தில் விரல்களால் அழுத்துங்கள். ஓர் அடி விலகியதும் கையை எடுங்கள். அடுத்து, இரண்டு நீளக் கயிற்றைக் கடிவாளத்தில் கட்டி, சேணத்தின் அங்கவடி (ஏறியவர் கால் வைக்கும் வளையம்) வழியாக விட்டு, ஏர் மாட்டை ஓட்டுவதுபோல் பின்னாலிருந்து நடத்துங்கள். உதைக்கு எட்டாத தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

இனி ஏறும்போது இதைக் கவனியுங்கள். குதிரை திரும்புவது கழுத்தால் அல்ல, தோளால். நீங்கள் இடது வாரைப் பின்னோக்கி இழுக்கும்போது கழுத்து மடங்கி, வலது தோள் வெளியே பிதுங்கி, உடம்பு அந்தத் தோளின் போக்கிலேயே போய்விடுகிறது. அதனால் இடது கையைப் பக்கவாட்டில் சற்று விலக்குங்கள். குதிரையின் இடக்கண் ஓரம் தெரிகிற அளவுக்குத் தலை திரும்பினால் போதும். வலது வாரைக் கழுத்தோடு ஒட்டிவைத்து, வலது காலால் தோள் பக்கம் அழுத்துங்கள். போக வேண்டிய இடத்தை நீங்களே தலை திருப்பிப் பாருங்கள், உங்கள் உடம்பின் பாரமும் அந்தப் பக்கம் சாயும். வட்டம் பெரிதாக, 20 மீட்டர் குறுக்களவில் இருக்கட்டும்.

உதைத்தால் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், காலால் ‘போ’ என்றும் கையால் ‘நில்’ என்றும் ஒரே நேரத்தில் சொல்வதுதான். காலை அழுத்தும்போது வாரை முன்னால் விடுங்கள். அது அடி வைத்ததும் காலை அசைக்காதீர்கள்.

கொட்டகைப் பக்கம் ஓடுவதைத் தடுக்க, பாடத்தைத் தூரத்தில் முடித்து, அங்கேயே இறங்கி, கையில் பிடித்து நடத்தி வாருங்கள். வந்தவுடன் தீனி வைக்காதீர்கள்.

வளர்ந்துகொண்டிருக்கும் குதிரை இது. முதுகெலும்பு முழுதாகக் கெட்டிப்பட ஐந்து வயதுக்கு மேல் ஆகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை வெயில் ஏறுமுன் 20 நிமிடம் போதும். இந்த வருடம் பந்தய ஓட்டம் வேண்டாம். தலைக்கவசம் இல்லாமல் யாரையும் ஏற விடாதீர்கள்.