ஐபிஎஸ்ஸுக்கு புரோபயாட்டிக் மாத்திரை வாங்கலாமா?

மாதம் 60 வெள்ளி கொடுத்து புரோபயாட்டிக், அதாவது குடலுக்கான நல்ல கிருமி மாத்திரை, வாங்கினால் ஐபிஎஸ் (வயிற்றுவலியும் மலப்போக்கு மாற்றமும் திரும்பத் திரும்ப வரும் எரிச்சல் குடல் நோய்) அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரயில் ஏறும்போதே எந்த நிலையத்தில் கழிப்பறை பக்கம் என்று கணக்குப் போடுகிற ஆளாகத்தான் இருப்பீர்கள். நானும் 9 வருடமாக அப்படித்தான். சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போவதற்குள் பிஷானில் ஒரு தடவை, நொவீனாவில் ஒரு தடவை இறங்கிய காலையெல்லாம் உண்டு.

முதலில் வாங்கியது கடைக்காரப் பெண் எடுத்துக் கொடுத்த டப்பா. பத்தே நாளில் வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. நல்ல கிருமி வேலை செய்கிறது, பொறுத்துக்கொள் என்றார் அந்தக் கடைக்கார அக்கா, ஒரு மாதம் பொறுத்தேன். அப்புறம் பலதுறை மருந்தகத்தில் உணவியல் நிபுணர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் இனுலின் சேர்த்திருக்கிறதே என்றார். வெங்காயம் பூண்டில் இருக்கிற அதே ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகைதான் இனுலின், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிவிடும். சாம்பாரில் வெங்காயத்தை நிறுத்திவிட்டு அதையே மாத்திரையாக விழுங்கியிருக்கிறேன், எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா!

அடுத்து இனுலின் இல்லாத, பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல கிருமியில் ஒரே ஒரு வகை மட்டும் உள்ள டப்பா. வேறு எதையும் மாற்றாமல் 12 வாரம், தினமும் நோட்டில் குறித்துவைத்தேன். வாரம் 4 நாள் இருந்த வலி ஒன்றிரண்டு நாளானது, ஆனால் காலை அவசரம் அப்படியேதான் இருக்கிறது.

இதற்கு ஆதாரம் எங்கே என்று வருவீர்கள், தெரியும். 2020-இல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் ஐபிஎஸ்ஸுக்கு மருத்துவ ஆய்வுக்கு வெளியே புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கவில்லை. 2021-இல் பிரிட்டிஷ் குடல்நோய் மருத்துவர் சங்கம் எந்த வகை நல்லது என்று சொல்ல முடியாது, வேண்டுமானால் 12 வாரம் வரை பாருங்கள், பலனில்லை என்றால் நிறுத்துங்கள் என்றது. நான் பிடித்துக்கொண்டது இரண்டாவதை.

மாத்திரையைவிட எனக்கு வலித்தது வேறு. பழைய வேலையிடத்தில் மேற்பார்வையாளர் நான் கழிப்பறை போய்வரும் நிமிடங்களைக் குறித்துவைத்து, எல்லார் முன்னாலும் வாசித்தார். மருத்துவச் சான்றிதழ் காட்டியும், "எல்லாம் மனசுதான்" என்றார். வலி உண்மையானது, மனசுதான் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்தில் எழுப்புகிற வயிற்றுப்போக்கு, இதில் ஏதாவது இருந்தால் மாத்திரையை விடுங்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால், வாங்க நினைக்கிற டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், இனுலின் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.