எம்.பி. இடம் காலியானால் ஆறு மாதத்தில் தேர்தல் வருமா?

கேள்வி: ஊர் திருமங்கலம், வேலை திருப்பூர் பனியன் கம்பெனியில். மதுரை எம்.பி. இடம் எப்போதாவது நடுவில் காலியானால் ஆறு மாதத்தில் இடைத்தேர்தல் கட்டாயமா? ஓட்டுப் போட வர எனக்குச் சம்பளத்தோடு லீவு உண்டா?

பதில்: முதலில் உங்கள் தொகுதி எதுவென்று பார்த்துவிடுவோம். திருமங்கலம் மதுரை மாவட்டம்தான், ஆனால் மக்களவைக்கு அது விருதுநகர் தொகுதி. திருப்பரங்குன்றமும் அப்படியே. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனியில் சேர்ந்தவை. மதுரைக்கு இடைத்தேர்தல் வந்தால் உங்களுக்கு அதில் ஓட்டு இல்லை. விருதுநகருக்கு வந்தால்தான் உண்டு.

ஆறு மாதக் கெடு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவில் இருக்கிறது. இடம் காலியான நாளிலிருந்து அதைக் கணக்கிட வேண்டும். இரண்டு விலக்குகள் உண்டு. மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் தேர்தல் நடத்தத் தேவையில்லை. 2018இல் ஆந்திராவில் ஐந்து எம்.பி. இடங்கள் காலியாகவே விடப்பட்டது இதனால்தான். மற்றொன்று, கெடுவுக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளிப்பது.

இந்த இரண்டாவது விலக்குதான் எனக்குக் கவலை தருகிறது. புனே எம்.பி. 2023 மார்ச்சில் காலமானார். ஓராண்டுக்கு மேல் பதவிக்காலம் மீதமிருந்தது. ஆனாலும் தேர்தல் நடக்கவில்லை. மும்பை உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் உடனே நடத்தச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2024 பொதுத் தேர்தல் வரை புனே மக்களுக்கு மக்களவையில் குரலே இல்லை. நம் பக்கத்திலும் தாமதம் புதிதல்ல. சட்டமன்ற இடங்களுக்கும் இதே கெடுதான். 2018 ஆகஸ்டில் காலியான திருப்பரங்குன்றத்துக்கு 2019 மே மாதம்தான் வாக்குப்பதிவு நடந்தது. முந்தைய தேர்தல் குறித்த வழக்கு நிலுவையில் இருந்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கெடு தாண்டினால் யாருக்கும் தண்டனை என்று சட்டத்தில் இல்லை. தொகுதி மக்கள் நீதிமன்றம் போகலாம், அவ்வளவுதான்.

லீவு விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவுப்படி, ஓட்டுரிமை உள்ள ஊழியருக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். இடைத்தேர்தலுக்கும் இது பொருந்தும், தினக்கூலிக்காரருக்கும் உண்டு. வேலை வேறு ஊரில் என்பதால் உரிமை போய்விடாது என்று ஆணையமே தெளிவுபடுத்தியிருக்கிறது. திருப்பூரில் அன்று தேர்தல் இருக்காது என்பதால் சூப்பர்வைசருக்கு விவரம் தெரியாமல் போகலாம். தேதி அறிவித்ததுமே வாக்காளர் அட்டை நகலுடன் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தபால் ஓட்டு உங்களுக்குக் கிடையாது, நேரில்தான் வர வேண்டும்.

இதெல்லாம் உங்கள் பெயர் திருமங்கலம் பட்டியலில் இருந்தால்தான். அட்டை கையில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது. வேட்புமனுவுக்கான கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் புதிதாகப் பெயர் சேர்க்க மாட்டார்கள். இந்த வாரமே 1950 என்ற எண்ணில் கேட்டுப் பாருங்கள். பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6 கொடுங்கள்.