சக்கரம், ரூபாய், தினார்: பழைய மாற்று விகிதங்கள் பற்றிய கேள்வி பதில்

குமரி, செங்கோட்டை, கூடலூர், புனலூர்ப் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் வீட்டுப் பெட்டியில் கிடைத்த பழைய பத்திரங்களையும் ரசீதுகளையும் பற்றியவை. கணக்கைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ள வசதியாக, வழிமுறையோடு பதில் எழுதுகிறேன்.

தோவாளை: ஐயா, எங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஒற்றிப் பத்திரத்தில் ‘சர்க்கார் ரூபாய் 1000’ என்றிருக்கிறது. அது பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் எவ்வளவு?

சர்க்கார் ரூபாய் என்பது திருவிதாங்கூர் அரசின் ரூபாய். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். உங்கள் ஆயிரம் ரூபாய் 28,000 சக்கரம், அதை 28.5 ஆல் வகுத்தால் 982 ரூபாய் 7 அணாவும் சில பைகளும் வரும் (16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா). அரைச் சக்கர வித்தியாசம்தானே என்று தள்ளிவிட முடியாது; ஆயிரத்துக்குப் பதினேழரை ரூபாய் குறைகிறது. ஆகவே பத்திரத்தில் ‘சர்க்கார்’ என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கூடலூர்: தாத்தா சிலோன் தோட்டத்திலிருந்து 1965இலும், 1966 கடைசியிலும், 1968இலும் ஊருக்குப் பணம் அனுப்பியிருக்கிறார். மூன்று முறையும் அனுப்பியது நூறு ரூபாய்தான். இங்கே கிடைத்த தொகை மட்டும் மாறியிருக்கிறது. ஏன்?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் உங்கள் தாத்தாவின் மூன்று ரசீதுகள் ஒரு காலகட்டத்தின் வரலாற்றையே சொல்கின்றன. இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் நெடுங்காலம் சரிக்குச் சரியாக இருந்தவை. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பைப் பிரிட்டன் குறைத்தபோது இரண்டு ரூபாய்களும் அதனுடனேயே சேர்ந்து இறங்கியதால், டாலருக்கு எதிராக இரண்டுமே ஏறத்தாழ 4.76 என்று ஆயின. தமக்குள் இருந்த சமநிலை கலையவில்லை. அடுத்த ஆண்டு கொழும்பில் மத்திய வங்கி தொடங்கப்பட்ட பிறகும் அதே நிலைதான். எனவே 1965இல் நூறுக்கு நூறு.

1966 ஜூன் 6ஆம் தேதி இந்தியா மட்டும் தன் ரூபாயை டாலருக்கு 7.50 என்று குறைத்தது. இலங்கை 4.76இலேயே நின்றது. 7.50ஐ 4.76ஆல் வகுத்தால் 1.575, ஆகவே இலங்கையின் நூறு ரூபாய் இங்கே நூற்றைம்பத்தேழரை ரூபாய் ஆனது. பதினேழு மாதம் கழித்து, 1967 நவம்பரில், பவுண்டு மறுபடி சரிந்தபோது இலங்கையும் 5.95க்கு இறங்கியது, இந்தியா அசையவில்லை. 7.50ஐ 5.95ஆல் வகுத்தால் 1.26. மூன்றாம் முறை நூற்றிருபத்தாறு ரூபாய்க்கு அருகில் வந்திருந்தால் அது அரசு விகிதப்படிச் சரியான தொகையே. கொழும்புக்கும் சென்னைக்கும் இடையில் நடந்த மாற்றத்தை நியூயார்க்கின் டாலரையும் லண்டனின் பவுண்டையும் வைத்துத்தான் அளக்க முடிகிறது என்பதை மனத்தில் வையுங்கள். சிறிய நாணயங்கள் இரண்டை ஒப்பிடப் பெரும்பாலும் நடுவில் ஒரு பெரிய நாணயம் தேவைப்படுகிறது.

அதே கேள்வியாளர்: 1966இல் மதிப்புக் குறைப்பு 36.5 சதவீதம் என்று படித்திருக்கிறேன். நீங்கள் சொல்வது 57.5 சதவீதம் அல்லவா?

இரண்டும் ஒரே நிகழ்வுதான். ரூபாய் வாங்கக்கூடிய டாலர் 36.5 சதவீதம் குறைந்தது. டாலர் வாங்கத் தேவைப்படும் ரூபாய் 57.5 சதவீதம் கூடியது.

கீரிப்பாறை: என் பெற்றோர், இலங்கைத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தப்படி 1970களின் தொடக்கத்தில் வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த பணத்தையும் 1.26 என்றே கணக்கிடலாமா?

அப்படியே எடுத்துவிடாதீர்கள். 1968 மே மாதத்திலிருந்து இலங்கையில் இரண்டு விகிதங்கள் நடைமுறையில் இருந்தன. தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கும் அரிசி போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும் அடிப்படை விகிதம். மற்றவற்றுக்கு அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதன் விலை, அடிப்படை விகிதத்துக்கு மேல், தொடக்கத்தில் 44 சதவீதம், பிறகு 55, கடைசியில் 65. தொடக்கக் கணக்கின்படி டாலர் 5.95 அல்ல, 8.57; அப்போது இலங்கை ரூபாய்க்கு இந்திய ரூபாய் 0.88 கூடத் தேறாது. ஒரே நாளில் 1.26உம் உண்மை, 0.88உம் உண்மை. உங்கள் பெற்றோர் அங்கே கட்டிய தொகையும் இங்கே பெற்ற தொகையும் தாளில் இருந்தால், பின்னதை முன்னதால் வகுத்துப் பாருங்கள். அவர்களுக்குக் கிடைத்த விகிதம் அதுதான். தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணம் எந்த விகிதத்தில் மாற்றப்பட்டது என்பதை அறிவது பிள்ளைகளின் உரிமை என்றே கருதுகிறேன். 1977 நவம்பரில் இரட்டை விகிதம் நீக்கப்பட்டு, டாலர் சுமார் 16 இலங்கை ரூபாய் என்று ஆயிற்று; நம் ரூபாயோ அப்போது எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருந்தது.

மார்த்தாண்டம்: மாமா பஹ்ரைனில் இருந்தார். அங்கேயும் ரூபாய் ஓடியதாமே?

ஆம். 1959இலிருந்து வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி தனி நோட்டு அச்சடித்தது. இந்திய ரூபாய்க்கு அது சமம். 1965இல் பத்து ரூபாய்க்கு ஒரு தினார் என்று பஹ்ரைன் மாறிக்கொண்டது. ஆகவே 1966 ஜூனில் அந்தத் தினாரின் மதிப்பு நம் பணத்தில் 10இலிருந்து 15.75க்கு ஏறியது.

புனலூர்: 1980களில் இலங்கை ரூபாய்க்கும் இந்திய ரூபாய்க்கும் இருந்த மாத விகிதங்களை நானே கணக்கிட என்ன செய்ய வேண்டும்?

சர்வதேச நாணய நிதியத்தின் புள்ளிவிவரத் தொகுப்புகளில் இரண்டு நாடுகளின் டாலர் விகிதமும் இருக்கும். அவற்றில் மாத சராசரி ஒரு வரிசை, மாத இறுதி இன்னொரு வரிசை. இரண்டு நாடுகளுக்கும் ஒரே வகை வரிசையை எடுத்து வகுக்க வேண்டும். ஒன்றின் சராசரியை மற்றதன் மாத இறுதியோடு கலந்தால், விகிதம் வேகமாக இறங்கிய மாதங்களில் விடை பிசகிவிடும். சம்பளக் கணக்குக்குச் சராசரியையும், குறிப்பிட்ட நாளில் கைமாறிய கடனுக்கு அந்நாளுக்கு நெருங்கிய மாத இறுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.