ஹார்ட் லிங்க், சாஃப்ட் லிங்க்: மனப்பாடம் செய்யாதீர்கள் தம்பி

லினக்ஸ் அட்மின் இன்டர்வியூவில் ஹார்ட் லிங்க், சாஃப்ட் லிங்க் வித்தியாசத்தை அப்படியே ஒப்பித்தும், "மூலக் கோப்பை அழித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டதும் திணறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இன்னொரு கோர்ஸில் பணம் கட்ட வேண்டாம். ஒரு டெர்மினலும் ஒரு மணி நேரமும் போதும்.

காலி ஃபோல்டரில் ஒரு கோப்பை உருவாக்கி, 'எல்என்' கொடுத்து ஒரு ஹார்ட் லிங்க்கும், 'எல்என் -எஸ்' கொடுத்து ஒரு சாஃப்ட் லிங்க்கும் போடுங்கள். பிறகு 'எல்எஸ் -எல்ஐ' அடியுங்கள். முதல் நெடுவரிசையில் இருப்பது ஐநோட் எண், அதாவது கோப்பின் உள் அடையாள எண். மூலத்துக்கும் ஹார்ட் லிங்க்குக்கும் அது ஒன்றே. லிங்க் எண்ணிக்கை 2. அதாவது ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள், எது மூலம் என்ற பேதமே கிடையாது. சாஃப்ட் லிங்க்குக்குத் தனி ஐநோட். அது வைத்திருப்பது வெறும் பாதை.

இப்போது மூலப் பெயரை 'ஆர்எம்' கொடுத்து அழியுங்கள். ஹார்ட் லிங்க்கில் உள்ளடக்கம் பத்திரமாக இருக்கும், எண்ணிக்கை 1 ஆகும். சாஃப்ட் லிங்க், இல்லாத பாதையைக் காட்டியபடி அந்தரத்தில் தொங்கும். அதே பெயரில் வேறொரு கோப்பை உருவாக்கினால் சாஃப்ட் லிங்க் உயிர் பெற்றுப் புதியதைக் காட்டும். ஹார்ட் லிங்க் பழையதையே வைத்திருக்கும். இதைக் கண்ணால் பார்த்தவரை எப்படிக் கேட்டாலும் மடக்க முடியாது.

ஹார்ட் லிங்க் வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு, உதாரணமாக வேறு டிஸ்க் பார்ட்டிஷனுக்கு, போகாது, ஐநோட் எண் அந்தந்த ஃபைல் சிஸ்டத்துக்குள்தான் செல்லுபடியாகும் என்பதால். ஃபோல்டருக்கும் போட முடியாது.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது சாஃப்ட் லிங்க்குக்குக் கொடுக்கும் சார்புப் பாதையில், அதாவது '/' என்று தொடங்காத பாதையில். நீங்கள் கட்டளை அடித்த இடத்திலிருந்து அல்ல, லிங்க் இருக்கும் ஃபோல்டரிலிருந்தே அது படிக்கப்படும்.

வேலையில் உண்மையில் கைகொடுப்பது இது: ஒரு தளத்தின் ஒவ்வொரு வெர்ஷனையும் தனி ஃபோல்டரில் வைத்து, 'கரன்ட்' என்ற சாஃப்ட் லிங்க்கை மட்டும் மாற்றுவார்கள். அதற்கு 'எல்என் -எஸ்எஃப்என்' வேண்டும். கடைசி 'என்' விடுபட்டால், புதிய லிங்க் பழைய ஃபோல்டருக்குள் போய் உட்காரும். தளம் பழைய வெர்ஷனிலேயே ஓடிக்கொண்டிருக்கும், எர்ரர்கூட வராது. இதையும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். அடுத்த இன்டர்வியூவில் வரையறையை விட்டுவிட்டு, இந்தச் சம்பவத்திலிருந்தே பதிலைத் தொடங்குங்கள்.