முண்டந்துறை அடிவாரத்தில் தங்கினால் காட்டைத் தவிர வேறென்ன பார்க்கலாம்?

திருநெல்வேலி மாவட்டத்தில் பாபநாசம் அருகே காட்டு விடுதியில் மூன்று நாள் தங்குகிறோம், காட்டுக்குள் போகும் நேரம் போக அருவி, கோயில், பழைய ஊர் என்று எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே இடங்களுக்குப் பஞ்சமில்லை. வருகிறவர்கள் ஏமாறுவது நேரக் கணக்கில்தான். வனத்துறைச் சோதனைச்சாவடி காலையில் திறக்கும். உள்ளே போனவர்கள் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். கோயில்களோ முற்பகலிலேயே நடை சாத்தி, மாலை ஐந்து மணியை ஒட்டித்தான் திறக்கும். விடுதியில் நிதானமாகச் சாப்பிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டுமே கிடைக்காது. ஒரு நாள் காலையைக் காட்டுக்கும் மறுநாள் காலையைக் கோயில்களுக்கும் முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் காடு. முண்டந்துறை 1962-இல் புலிகளுக்கான சரணாலயம் ஆனது, களக்காடு 1976-இல் சிங்கவால் குரங்குக்காகச் சரணாலயம் ஆனது. இரண்டையும் சேர்த்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பெயரில் புலி இருந்தாலும் புலியை எதிர்பார்த்து வராதீர்கள். முதுமலை போலச் சாலையோரம் யானையும் மான் கூட்டமும் வரிசையாக நிற்கும் காடும் இல்லை இது. அடர்ந்த மலைக்காடு. மிளா, புள்ளிமான், கருங்குரங்கு, மலை அணில் ஆகியவற்றைப் பார்த்தாலே நல்ல நாள். காலை முதல் இரண்டு மணி நேரத்தில் வண்டியை மெதுவாக ஓட்டி, இன்ஜினை அணைத்துக் காதைத் தீட்டினால் மலை அணிலின் சத்தம் மரக்கிளைகளிலிருந்து வரும்.

சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பை, பாட்டில், மது எல்லாவற்றையும் சோதிப்பார்கள். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். தின்பண்டத்தை வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். குரங்குகள் பையோடு பறித்துவிடும். அவற்றுக்குத் தீனி போடுவது குற்றம். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன.

மேலே காரையார் அணையும், தாமிரபரணி ஆற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயிலும் இருக்கின்றன. ஆடி அமாவாசைக்கு இங்கே பெருங்கூட்டம் கூடும். திருவிழா பார்க்க வேண்டும் என்றால் அன்று வாருங்கள், காட்டின் அமைதி வேண்டும் என்றால் அந்த வாரத்தையே தவிருங்கள். காரையார் நீர்த்தேக்கத்தின் மறுகரையில் உள்ள பாணதீர்த்தத்துக்குப் படகில் போகலாம் என்று பல பக்கங்களில் இன்னும் எழுதியிருக்கும். அந்தப் படகுப் போக்குவரத்து நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அடிவாரத்தில் அகத்தியர் அருவியில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் விழும். அதற்கு மேலே படியேறினால் கல்யாண தீர்த்தம். அகத்தியருக்குச் சிவனும் பார்வதியும் மணக்கோலம் காட்டிய இடம் என்பது தலபுராணம். பார்க்கச் சாதுவாகத் தெரியும் இந்த நீரை நம்பக் கூடாது. பாறைக்கு நடுவே ஆற்று நீர் குடைந்த ஆழக் குழிகளை இங்கே கசம் என்பார்கள். மேலே நீர் அசையாதது போல இருக்கும், அடியில் இழுக்கும். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர், 1925 ஜூனில் இந்த அருவிப் பகுதியில்தான் நீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய்த் தாமும் மாண்டார். கம்பி போட்ட இடத்தில் மட்டும் குளியுங்கள். பாசிப் பாறையில் செருப்போடும் ஏறாதீர்கள், ஈரக் காலோடும் ஓடாதீர்கள்.

கிளம்புமுன் ஒரு வேலை செய்யுங்கள். நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பில் தினமும் அணை நீர்மட்டம் போடுவார்கள். பாபநாசம் (காரையார் அணைதான் இது) 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பவை முழுக் கொள்ளளவு. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கத்தால் இணைந்தவை. மட்டம் உச்சத்தை நெருங்கி, நீர்வரத்தும் கூடியிருந்தால் அன்று அருவிகளில் தடை போட வாய்ப்பு அதிகம். அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் மலைமேல் கொட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இது அடிக்கடி நடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் இந்த எச்சரிக்கையைச் சிறிதாக எண்ண மாட்டார்கள்.

பாபநாசநாதர் கோயில் நவகைலாயம் எனும் ஒன்பது சிவன் கோயில்களில் முதலாவது, சூரியனுக்குரிய தலம். அம்மன் உலகம்மை. எதிரே உள்ள படித்துறையில் குளிக்கலாம். ஆனால் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடச் சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் துணிகள் பாறையிடுக்கில் சிக்கி, குளிப்பவர் காலைச் சுற்றுகின்றன. ஐந்து மாவட்டத்துக்கு மேல் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான் என்று சொல்லும் அளவுக்கு இந்த ஆற்றை நம்பி ஊர்கள் இருக்கின்றன. சோப்பும் ஷாம்பும் விடுதியிலேயே இருக்கட்டும்.

மணிமுத்தாறு வழியே மாஞ்சோலை போக ஆசைப்படுவீர்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைநிலம் அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அடுத்தடுத்து ஊர்கள். ஊத்தும் நாலுமுக்கும் தமிழ்நாட்டில் மழை மிக அதிகம் பெய்யும் இடங்களில் சேர்ந்தவை. 2024-இல் நிறுவனம் வேலையை நிறுத்தியதும் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்த குடும்பங்கள் இறங்க வேண்டியதாயிற்று. கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போய், தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்ததும் இந்தத் தோட்டத்து மக்களின் போராட்டத்தில்தான். வெறும் பச்சைப் பசேல் காட்சியாக மட்டும் அந்த மலையைப் பார்த்துவிட்டு வராதீர்கள். போக வனத்துறை அனுமதி கட்டாயம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அம்பாசமுத்திரம் வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். சாலை குறுகல், கொண்டை ஊசி வளைவுகள் நிறைய. தாழ்வான கார் அடி தட்டும். அனுமதி கிடைக்காவிட்டால் மணிமுத்தாறு அணையோடு திரும்பிவிடுங்கள்.

இனிக் கோயில் காலை. அம்பாசமுத்திரத்துக்கு அருகே சில கிலோமீட்டருக்குள் மூன்று கோயில்கள்: திருவாலீசுவரம், பிரம்மதேசம், மன்னார்கோயில். மூன்றில் எனக்கு முதல் இடம் திருவாலீசுவரம். சிறிய சோழர் கோயில், வயலுக்கு நடுவே. விமானத்தின் மேல் நிலையில் ஆடவல்லான், கங்காதரர், மாதொருபாகன் என்று கைமுழ அளவுச் சிற்பங்கள். தஞ்சையில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பவற்றை இங்கே கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பார்க்கலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது வாருங்கள், உச்சி வெயிலில் நிழல் போய்ச் சிற்பம் தட்டையாகத் தெரியும். மூன்று கை மகாசேனை என்ற சோழப் படைப் பிரிவு இந்தக் கோயிலைத் தன் பாதுகாப்பில் ஏற்றதாகச் சொல்லும் கல்வெட்டும் இங்கேதான் இருக்கிறது.

மன்னார்கோயில் ராஜகோபாலசாமி கோயிலுக்கு ராஜேந்திர சோழ விண்ணகரம் என்று பழம்பெயர். கட்டியவர் சேர மன்னர் ராஜசிம்மன். பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று நிலையில். மேல் நிலைகளுக்குப் படியேற வேண்டும், பட்டரிடம் கேட்டால்தான் திறப்பார். குலசேகர ஆழ்வாருக்குத் தனிச் சன்னதி உண்டு. பிரம்மதேசம் கைலாசநாதர் கோயில் மூன்றிலும் பெரியது.

இந்த மாதிரிக் கோயில்களில் பெரும்பாலும் ஒரே அர்ச்சகர்தான். பூசை முடிந்ததும் பூட்டிவிட்டு அடுத்த கோயிலுக்குப் போய்விடுவார். ஏழரைக்குள் முதல் கோயிலில் இருந்தால் பத்தரைக்குள் மூன்றும் முடியும். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், கைபேசி எண் தருவார்கள். தட்டில் தாராளமாகப் போடுங்கள்.

காடும் கோயிலும் ஒன்றாக வேண்டுமென்றால் திருப்புடைமருதூர். வீரவநல்லூர் வழியாகப் போகலாம். தாமிரபரணியோடு கடனாநதி கலக்கும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில். ஸ்ரீசைலம், திருவிடைமருதூரோடு சேர்த்து மருத மரத் தலங்கள் மூன்றில் இது ஒன்று. கரையில் நிற்கும் பெரிய மருத மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவதால் 2005-இல் இந்த இடத்தைப் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தார்கள். கோபுரத்தின் உள்ளே ஐந்து நிலைகளிலும் மரச் சிற்பமும் சுவரோவியமும். கப்பலில் குதிரை வந்திறங்கும் காட்சியைத் தேடிப் பாருங்கள். எல்லா நாளும் ஏற விடமாட்டார்கள், கோயில் அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். படி குறுகல், உள்ளே இருட்டு, வௌவால் நாற்றம் உண்டு. டார்ச் வேண்டும், ஃபிளாஷ் வேண்டாம், பழைய வண்ணத்துக்கு அது கேடு. சுவரில் கை வைக்காதீர்கள். பறவைகளுக்கு மார்கழி முதல் பங்குனி வரை, மாலை ஐந்துக்கு மேல்.

இரண்டாம் நாள் மாலைக்கு ஆழ்வார்குறிச்சி வழியாகச் சிவசைலமும் கடையமும் சரியாக வரும். சிவசைலத்தில் நந்தி எழுந்திருக்கப் போவது போலத் தலை நிமிர்த்தியிருக்கும். கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். 1918 இறுதியில் சிறையிலிருந்து வெளிவந்த பாரதி 1920 வரை இங்கே இருந்தார். திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்கலாம். அந்த ஊர்க் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் திருடுபோன நடராசர் சிலை 2019-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தது.

நெல்லைக்குப் போகும் சாலையில் பத்தமடை. இங்கே நெய்யும் பாயில் பாவு (நீள இழை) பருத்தி நூல், ஊடு (குறுக்கிழை) கோரை. நயமான பாயைத் துணி மாதிரி மடிக்கலாம். மடிக்கும்போது முறுகினால் அது தடித்த கோரை. கடையில் பேரம் பேசுவதைவிட நெசவு நடக்கும் வீட்டில் வாங்குவது நல்லது, பணம் நேராகப் போகும்.

களக்காட்டுப் பக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் முண்டந்துறையும் களக்காடும் ஒட்டியிருக்கும். காட்டுக்குள்ளே பொதுவழி கிடையாது. அடிவாரத்துக்கு இறங்கி, சேரன்மகாதேவி வந்து, அங்கிருந்து தெற்கே திரும்ப வேண்டும். ஆகவே அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்: காலையில் திருக்குறுங்குடி நம்பி கோயில், பிறகு களக்காட்டில் தலையணை என்னும் தடுப்பணை, மாலை நாங்குநேரி அருகே கூந்தன்குளம். கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும், ஊர்க்காரர்கள் பட்டாசு வெடிப்பதில்லை. வண்டி ஹாரனை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுங்கள். மூன்று நாள் மட்டும் என்றால் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு ஆற்றங்கரையையே முழுதாகப் பாருங்கள். சொந்த வண்டி இல்லாதவர்கள் நெல்லை–செங்கோட்டை ரயிலில் அம்பாசமுத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து பாபநாசத்துக்குப் பேருந்தில் போகலாம். மேற்சொன்ன மூன்று கோயில்களுக்கும் ஒரு ஆட்டோவைக் காலை முழுவதுக்கும் பேசிவிடுங்கள். காத்திருப்புக் கூலியை முன்னாலேயே சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள்.